முதுகு முற்ற 25 வருடம்

2011 நவம்பர், ஜோகன்னஸ்பர்க். ஆஸ்திரேலியாவுக்காக முதல் டெஸ்ட் ஆட இறங்கிய பாட் கம்மின்ஸுக்கு வயது 18. தென்னாப்பிரிக்காவின் இரண்டாவது இன்னிங்ஸில் 79 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுத்தார். வெற்றிக்கான கடைசி ரன்னையும் அவரே அடித்தார். ஆட்ட நாயகன் விருதும் அவருக்குத்தான். அடுத்த டெஸ்டை அவர் ஆடியது 2017 மார்ச்சில், நம் ராஞ்சியில். நடுவில் போன ஐந்து வருடத்தில் பெரும்பகுதியைத் தின்றது, இடுப்புப் பகுதி முள்ளெலும்பில் திரும்பத் திரும்ப விழுந்த விரிசல்.

பதினெட்டு வயதில் ஓட்டுரிமை வந்துவிடுகிறது, டிரைவிங் லைசென்ஸ் வந்துவிடுகிறது. முதுகெலும்பு மட்டும் அந்த வயதில் மேஜர் ஆவதில்லை. அது முழுதாக முற்ற 25 வயது ஆகும். அதுவரை அதில் எங்கேயாவது ஒரு மூலையில் வேலை நடந்துகொண்டேதான் இருக்கும். பிள்ளைகளின் முதுகைப் பற்றி நம் வீடுகளில் கவலைக்குக் குறைவில்லை. கூன் போடாதே, பையைக் குறை, நிமிர்ந்து உட்கார் என்று நாள் முழுக்கச் சொல்கிறோம். கவலைப்படுவது நியாயம்தான். எதற்குக் கவலைப்பட வேண்டும் என்பதில்தான் கோட்டை விடுகிறோம்.

ஒரு எலும்பு, மூன்று துண்டு

பிறந்த குழந்தையின் முதுகு எக்ஸ்ரேயை முதல்முறை பார்க்கிறவர் திடுக்கிடுவார். எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியே மிதப்பதுபோல் இருக்கும். இடையில் இருப்பது குருத்தெலும்பு. எக்ஸ்ரேயில் அது தெரியாது. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5, அதற்குக் கீழே திருவெலும்பில் 5, வால் எலும்பில் பெரும்பாலும் 4 என மொத்தம் 33 முள்ளெலும்புகள். அந்த 33-இல் பெரும்பாலானவையும் பிறக்கும்போது முழு எலும்பாக இருப்பதில்லை. ஒவ்வொன்றும் மூன்று துண்டு: முன்னால் எடை தாங்கும் உருளை ஒன்று, பின்னால் தண்டுவடத்தைச் சுற்றி அணைக்கும் அரைவளையங்கள் இரண்டு.

உள்ளே தண்டுவடம் வளர வேண்டும், அதனால்தான் இந்த ஏற்பாடு. வளையம் பிறக்கும்போதே இறுகிவிட்டால் அதற்கு இடம் இருக்காது. முதல் வருடத்தில் அரைவளையங்கள் இரண்டும் முதுகுப் பக்கம் ஒட்டத் தொடங்குகின்றன. இந்த வேலை இடுப்பில் ஆரம்பித்து மேலே ஏறி, மூன்று வயதுவாக்கில் கழுத்தை எட்டும். அப்புறம் வளையம் முன்னால் இருக்கும் உருளையோடு சேர வேண்டும். இது கழுத்தில் தொடங்கிக் கீழே இறங்கி, ஆறு வயதுவாக்கில் இடுப்பில் முடியும். ஐந்து வயதிலேயே தண்டுவடக் குழாய் பெரியவர்களின் அகலத்தைக் கிட்டத்தட்ட எட்டிவிடுகிறது. யு.கே.ஜி. பிள்ளைக்கு வெளியே உயரம் மூன்றரை அடி; உள்ளே அந்தக் குழாய் மட்டும் பெரிய மனுஷன் அளவு.

கழுத்தின் இரண்டாவது எலும்புக்குத் தனிக் கதை உண்டு. அதன் மேல் பல்போல ஒரு முளை நீட்டிக்கொண்டிருக்கும். நாம் தலையை இடவலமாக ஆட்டுவது அதைச் சுற்றித்தான். பிறப்பால் அது முதல் எலும்பின் உருளை. கருவிலேயே கட்சி மாறி இரண்டாவதோடு போய்ச் சேர்ந்துகொண்டது. சேர்ந்த இடம் ஆறு வயதுவரை எக்ஸ்ரேயில் கோடாகத் தெரியும், சிலருக்குப் பதினொரு வயதுவரைகூட. கீழே விழுந்த பிள்ளைக்கு எடுத்த படத்தில் இந்தக் கோட்டை எலும்பு முறிவு என்று எண்ணிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு.

பச்சிளம் குழந்தையின் முதுகெலும்புத் தொடரை 5 செ.மீ. வரை இழுத்தாலும் அது அறுபடாது. உள்ளே இருக்கும் தண்டுவடமோ அரை செ.மீ. சொச்சம் இழுபட்டாலே கிழிந்துவிடும் என்று மருத்துவப் பாடம் சொல்கிறது. எக்ஸ்ரேயில் எலும்பெல்லாம் சரியாக இருக்கும், ஆனால் கைகால் அசையாது. 'உரம் விழுந்திருக்கு' என்று பச்சைக் குழந்தையைச் சேலையில் போட்டு உருட்டுவதையும், காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவதையும் குழந்தை மருத்துவர்கள் கண்டிப்பது இதனால்தான். பாட்டிகளின் கைப்பக்குவத்தில் எவ்வளவோ நல்லது உண்டு. இது அந்தக் கணக்கில் வராது.

கல்யாணத்துக்கு முன்பே வாங்க வேண்டிய மாத்திரை

அந்த அரைவளையங்கள் முதுகுப் பக்கம் சேராமலே போவதும் உண்டு. இடுப்பின் அடியில் சின்ன இடைவெளி மிச்சமிருப்பது பத்தில் ஒருவருக்காவது இருக்கும். பெரும்பாலோர் அது தெரியாமலே ஆயுளைக் கழித்துவிடுவார்கள். தண்டுவடமே மூடாமல், முதுகில் திறந்த புண்ணோடு குழந்தை பிறப்பது வேறு விஷயம். அந்தப் பிழை கரு உருவாகி 28 நாளுக்குள் நடந்துவிடுகிறது. எலும்பு என்ற ஒன்றே அப்போது இல்லை. நாள் தள்ளிப்போனதைப் பெண் கவனித்து, டெஸ்ட் எடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இதைப் பெருமளவு தடுக்கும் ஃபோலிக் அமிலத்தின் கதை இந்தியாவில் தொடங்கியது. ஆங்கில மருத்துவர் லூசி வில்ஸ் பம்பாய்க்கு வந்து, ஜவுளி ஆலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்டிலிருந்து எடுத்த மார்மைட் கொடுத்தால் அது குணமாவதை 1931-இல் எழுதினார். அதிலிருந்த சத்துதான் பின்னால் ஃபோலேட் என்று அடையாளம் காணப்பட்டது. 1991-இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு முடிவு வந்தது. முன்பு இந்தக் குறையோடு பிள்ளை பெற்றவர்கள், கருத்தரிக்கும் முன்னாலிருந்தே தினம் 4 மி.கி. எடுத்துக்கொண்டால் மறுபடி அப்படி நேரும் வாய்ப்பு 72 சதவீதம் குறைகிறது. மற்றப் பெண்களுக்கு 400 மைக்ரோகிராம் போதும். நம் ஊரில் இந்த மாத்திரை பெரும்பாலும் கர்ப்பம் உறுதியான பிறகே கைக்கு வருகிறது. கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுக்கும்போதே வாங்கி வைக்க வேண்டிய மாத்திரை அது.

செங்கீரை, சப்பாணி, வருகை

கருவில் முதுகு முழுக்க ஒரே வளைவுதான். பிறந்த பிறகு அதற்கு எதிர்த்திசையில் இரண்டு வளைவுகள் திருத்தமாகின்றன. மூன்று, நான்கு மாதத்தில் குழந்தைக்குத் தலை நிற்கும்போது கழுத்தின் வளைவு. உட்கார்ந்து, எழுந்து, நடக்கும்போது இடுப்பின் வளைவு. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் பருவங்களை அடுக்கிய வரிசையைப் பாருங்கள். ஐந்தாம் மாதம் செங்கீரை, கையை ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடும் குழந்தை. ஒன்பதாம் மாதம் சப்பாணி, உட்கார்ந்து கை கொட்டும் குழந்தை. ஓராண்டை ஒட்டி வருகை, நடந்து வரும் குழந்தை. முதுகு மேலிருந்து கீழாகப் பொறுப்பேற்கும் ஒழுங்கு, எந்தக் கருவியும் இல்லாமல், கவனித்துப் பார்த்தே பிடிபட்டிருக்கிறது.

இந்த வருகையை முந்த வைக்கிறேன் என்று சக்கரம் வைத்த வாக்கரில் குழந்தையை உட்கார்த்துவது வீண் வேலை. அது நடையைச் சீக்கிரப்படுத்துவதில்லை. அதில் உட்கார்ந்தபடியே படியில் உருண்டு தலையில் அடிபட்ட குழந்தைகள் ஏராளம் என்பதால் கனடா 2004-இல் விற்பனையையே தடை செய்துவிட்டது. நம் மர நடைவண்டி பரவாயில்லை. குழந்தை தானாக எழுந்து நின்றால்தான் அது நகரும்.

எலும்பு வளரும் வேகத்துக்குத் தண்டுவடம் ஈடுகொடுப்பதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மூன்று மாதக் கருவில் அது குழாயின் அடிவரை இருக்கிறது. பிறக்கும்போது இடுப்பின் மூன்றாவது எலும்போடு நின்றுவிடுகிறது. பெரியவர்களுக்கு முதல் எலும்புக்கும் இரண்டாவதுக்கும் நடுவே. சிசேரியனுக்கு முதுகில் போடும் ஊசி தண்டுவடத்தில் குத்திவிடுமோ என்று பயப்படும் பெண்கள் நிறையப் பேர். ஊசி இறங்கும் மட்டத்தில் தண்டுவடமே இல்லை, அதிலிருந்து தொங்கும் நரம்புகள்தான் இருக்கின்றன.

நோய் போன பிறகும் வளரும் கூன்

மார்புப் பகுதியின் முதல் எலும்பிலிருந்து திருவெலும்பு வரை பிறக்கும்போது சுமார் 20 செ.மீ. நீளம். முதல் ஐந்து வருடத்தில் அது 10 செ.மீ. கூடுகிறது. அடுத்த ஐந்து வருடத்தில் 5 செ.மீ. மட்டும். பத்து வயதுக்குமேல் மறுபடி 10 செ.மீ. ஏதாவது ஓர் இடத்தில் வளர்ச்சி தடைபட்டால் என்ன ஆகும் என்பதைக் காசநோய் காட்டிக்கொடுத்தது.

முதுகெலும்புக் காசநோயை லண்டன் மருத்துவர் பெர்சிவால் பாட் 1779-இல் விவரித்தார். கிருமி ரத்தத்தின் வழியே வந்து முள்ளெலும்பின் முன்பகுதியில் குடியேறுகிறது. அடுத்தடுத்த இரண்டு எலும்புகளையும் நடுவில் இருக்கும் டிஸ்க்கையும் அரிக்கிறது. முன்பக்கம் சரிய, முதுகு மடிகிறது. எலும்பிலும் மூட்டிலும் வரும் காசநோயில் ஏறக்குறைய பாதி முதுகில்தான் வருகிறது. ஒரு காலத்தில் இதற்கு மாதக்கணக்கில் பிளாஸ்டர் போட்டுப் படுக்க வைப்பார்கள். கொரியாவின் மாசான் நகரில் நடந்த ஆய்வு, மருந்து சரியாகச் சாப்பிட்டால் படுக்கை தேவையே இல்லை என்றது. சென்னை சேத்துப்பட்டில் இயங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், 1970-களில் தொடங்கிய ஆய்வில் அதையும் தாண்டிப் போனது. நோயாளி நடமாடிக்கொண்டே ஆறு அல்லது ஒன்பது மாதம் மருந்து எடுத்தால் பெரிய அறுவை சிகிச்சைக்கு ஈடான பலன் கிடைக்கிறது என்று, பத்து வருடம் பின்தொடர்ந்து பார்த்துச் சொன்னது. தமிழ்நாட்டு மருத்துவ வரலாற்றில் பாடப்புத்தகத்துக்குப் போக வேண்டிய வேலை இது.

ஆனால் குழந்தைகளின் கதை அங்கே முடியவில்லை. கோவை கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ்.ராஜசேகரன், மருந்தால் நோய் முழுதாகக் குணமான குழந்தைகளைப் பதினைந்து வருடம் தொடர்ந்து கவனித்து 2001-இல் முடிவை வெளியிட்டார். ஏறத்தாழ பத்தில் நான்கு பேருக்கு, கிருமி செத்த பிறகும் கூன் வளர்ந்துகொண்டே போனது. அவர்களில் சிலருக்கு மூன்று முதல் ஐந்து வருடம் சும்மா இருந்துவிட்டு, அதற்கப்புறம் ஏறியது. இன்னொரு பத்தில் நான்கு பேருக்கு நேர்மாறாக, வளர வளரக் கூன் தானே குறைந்தது. மீதிப் பேருக்குப் பெரிய மாற்றம் இல்லை. முன்பக்க வளர்ச்சித் தட்டு அழிந்து, பின்பக்கம் மட்டும் வளர்ந்தால் வளைவு கூடும். முன்பக்கம் பிழைத்திருந்தால் வளர்ச்சியே வளைவைத் திருத்திவிடும். ஒரே வளர்ச்சிதான் ஒரு பிள்ளையைக் காப்பாற்றுகிறது, இன்னொரு பிள்ளையைக் கவிழ்க்கிறது.

யார் எந்தக் கூட்டம் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட அவர் எக்ஸ்ரேயில் நான்கு அடையாளங்கள் வகுத்தார். பின்பக்கச் சிறுமூட்டு விலகியிருப்பது, எலும்பு பின்னோக்கித் தள்ளப்பட்டிருப்பது, பக்கவாட்டில் நகர்ந்திருப்பது, மேல் எலும்பு கீழ் எலும்பின் மேல் கவிழ்ந்திருப்பது. இரண்டுக்கு மேல் தெரிந்தால் அந்த முதுகு ஆபத்தில் இருக்கிறது, காத்திருக்கக் கூடாது. ஆகவே 'கோர்ஸ் முடிஞ்சுது, இனி வர வேண்டாம்' என்பது பிள்ளைகள் விஷயத்தில் செல்லாது. முதுகில் காசநோய் வந்த பிள்ளையை வளர்ச்சி நிற்கும் வரை வருடா வருடம் காட்ட வேண்டும். பிள்ளை வாரக்கணக்கில் முதுகு வலி என்கிறது, ராத்திரியில் வலித்து எழுகிறது, சாயங்காலக் காய்ச்சல், எடை குறைகிறது என்றால் தைலம் தேய்த்து நாளைக் கடத்தாதீர்கள். காசநோய் மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

பையா குற்றவாளி?

மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்த எழுத்தாளர் ஆர்.கே.நாராயண் 1989-இல் பேசியது பள்ளிப் பிள்ளைகளின் புத்தகச் சுமை பற்றி. பாரத்தில் பிள்ளைகள் கூனிப்போய், கைகள் முன்னால் தொங்க நடக்கிறார்கள் என்று வருந்தினார், புரசைவாக்கத்தில் வளர்ந்த அந்த மனிதர். அந்தப் பேச்சு கிளப்பிய விவாதம் 1993-இல் யஷ்பால் குழுவின் அறிக்கை வரை போனது. 2020-இல் வந்த பள்ளிப் பைக் கொள்கை, பையின் எடை பிள்ளையின் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. 30 கிலோ பிள்ளைக்கு 3 கிலோ. தண்ணீர் பாட்டிலும் சாப்பாட்டு டப்பாவுமே பாதியைத் தின்றுவிடும்.

பை குறைய வேண்டும், அதில் சந்தேகமில்லை. தோள் வலிக்கும், கழுத்து வலிக்கும். ஆனால் பை தூக்குவதால் எலும்பு நிரந்தரமாகக் கோணிவிடும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பெண்ணின் ஒரு தோள் இறங்கித் தெரிகிறபோது 'எல்லாம் அந்தப் பையால வந்தது' என்று சமாதானம் சொல்லிக்கொண்டே ஒரு வருடத்தை இழக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். அந்த வயதில் ஒரு வருடம் என்பது பெரிய விலை.

பெரியவளாவதற்கு முந்தைய வருடம்

பத்து வயதுக்குமேல் முதுகு மறுபடி வேகமெடுக்கும்போது, 100 பிள்ளைகளில் இரண்டு மூன்று பேருக்கு அது பக்கவாட்டில் வளைந்து, கூடவே முறுக்கிக்கொள்கிறது. ஸ்கோலியோசிஸ் என்பார்கள். பெரும்பாலும் காரணம் தெரியாது. உட்கார்ந்த விதமோ தூங்கிய விதமோ இதற்குப் பொறுப்பில்லை. சின்ன வளைவு ஆண், பெண் இருவருக்கும் ஏறக்குறையச் சமமாக வரும்; சிகிச்சை தேவைப்படும் அளவுக்குப் பெரிதாவது பெரும்பாலும் பெண் பிள்ளைகளுக்குத்தான். வலிக்காது. அதுதான் இதில் உள்ள சூது.

கண்டுபிடிக்கும் வழி 1865-லேயே வந்துவிட்டது. லண்டன் அறுவை மருத்துவர் வில்லியம் ஆடம்ஸ், டைனோசர் எலும்புகளை ஆராய்ந்து புகழ்பெற்ற கிடியன் மேன்டெலின் உடலைப் பரிசோதித்தவர். ஊர் உலகத்தின் எலும்புகளையெல்லாம் தோண்டிப் படித்த மேன்டெல், தன் முதுகெலும்பே முறுக்கியிருந்ததை அறியாமல் வலியோடு வாழ்ந்து 1852-இல் இறந்துபோனார். நிமிர்ந்து நிற்கும்போது மறைந்திருக்கும் முறுக்கு, குனிந்தால் ஒரு பக்கம் மேடாகத் தெரியும் என்று ஆடம்ஸ் எழுதினார். இன்றும் அந்தக் குனியும் சோதனைதான் முதல் சோதனை.

பெண் குழந்தையின் உயரம் மிக வேகமாக ஏறுவது பூப்பெய்துவதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்னால். மஞ்சள் நீராட்டுக்குப் பந்தல் போட்டு, உளுந்தங்களி கிண்டிக் கொடுத்து, 'இடுப்பெலும்பு வலுவாகணும்' என்று வீடே கவனிக்கத் தொடங்கும்போது, அந்த வேகமான வளர்ச்சி உச்சத்தைத் தாண்டிவிட்டது. மிச்சமிருப்பது சுமார் இரண்டு வருடம். கவனிப்பு ஓராண்டு முன்னாலேயே ஆரம்பித்திருக்க வேண்டும்.

வளர்ச்சி மிச்சமிருக்கும்போது பிடித்துவிட்டால் பெல்ட் போன்ற பிரேஸ் உதவும். 2013-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஆய்வில், பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம் பேருக்கு வளைவு அறுவை சிகிச்சை எல்லையைத் தொடாமல் நின்றது. வெறுமனே கவனித்து வந்தவர்களில் 48 சதவீதம். நாளுக்குச் சுமார் 13 மணி நேரத்துக்குமேல் போட்டவர்களுக்குப் பலன் 90 சதவீதத்தைத் தாண்டியது. உயர வளர்ச்சி நின்ற பிறகு அதே பிரேஸால் ஒரு பயனும் இல்லை. 'பெண்ணுக்குக் கல்யாணம் ஆகணுமே' என்று ஒளித்து வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடிய உசேன் போல்ட்டுக்கும் ஸ்கோலியோசிஸ்தான்.

மீண்டும் பந்துவீச்சாளர்கள்

பருவ வயதில் ஒவ்வொரு முள்ளெலும்பிலும் புதிதாக ஐந்து இடங்களில் எலும்பு உருவாகிறது. பின்முள்ளின் நுனியில் ஒன்று, பக்கவாட்டு நீட்சிகளில் இரண்டு, உருளையின் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் மோதிரம்போல் இரண்டு. இவை முழுதாகச் சேர 25 வயது ஆகிறது. இதே காலத்தில்தான் வேகப்பந்து வீசும் பையன் அகாடமியில் காலையும் மாலையும் ஓடுகிறான். பந்தை விடும் நொடியில் முதுகு பின்னால் வளைந்து, பக்கம் சாய்ந்து, முறுக்கிக்கொள்கிறது. அந்தச் சுமை முழுக்க இடுப்பின் கடைசி எலும்புகளில் உள்ள மெல்லிய பாலத்தில் இறங்குகிறது. வலதுகைக்காரருக்கு விரிசல் பெரும்பாலும் இடதுபக்கம் விழுவது இதனால்தான். பிறந்த குழந்தைகளிடம் இந்த விரிசல் இருப்பதில்லை. வாழ்நாளில் எழுந்து நடக்கவே முடியாதவர்கள் 143 பேரைப் பரிசோதித்த ஓர் ஆய்வில் ஒருவருக்குக்கூட இல்லை. நிமிர்ந்து நடப்பதற்கு மனித இனம் கொடுக்கும் வரி என்று இதைச் சொல்லலாம். வேகப்பந்து வீச்சாளர்கள் அந்த வரியை வட்டியோடு கட்டுகிறார்கள்.

டென்னிஸ் லில்லி 1973-இல் முதுகெலும்பு விரிசலோடு விழுந்தபோது வயது 23. பிளாஸ்டர் கட்டுக்குள் வாரக்கணக்கில் இருந்து, பந்துவீச்சையே மாற்றிக்கொண்டு திரும்பினார். அவரைத்தான் 1987-இல் சென்னையின் எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷன் பயிற்சியாளராக அழைத்துவந்தது. 2019-இல் ஜஸ்பிரித் பும்ராவுக்கு முதுகில் விரிசல் என்று செய்தி வந்தபோது அவருக்கு வயது 25. பதினான்கு வயதுப் பையன் இடுப்பின் ஒரு பக்கம் மட்டும் வலிக்கிறது, பின்னால் வளைந்தால் வலி கூடுகிறது என்று சொன்னால் வலி ஸ்பிரே அடித்து மறுநாள் மேட்சுக்கு அனுப்பும் பயிற்சியாளர், அந்தப் பையனின் எதிர்காலத்தைச் செலவழிக்கிறார். ஆரம்பத்தில் பிடித்தால் சில மாத ஓய்வில் பெரும்பாலும் கூடிவிடும்.

25-ஐத் தாண்டும்போது திருவெலும்பின் ஐந்தும் ஒன்றாகி, வால் எலும்பின் நான்கும் சேர்ந்து, 33 என்பது 26 ஆகியிருக்கும். இடையில் இருக்கும் 23 டிஸ்க்குகளுக்குக் குழந்தைப் பருவத்தில் இருந்த ரத்தக் குழாய்கள் அதற்கு வெகுமுன்னரே மறைந்துவிடுகின்றன. அதன் பிறகு பக்கத்து எலும்பிலிருந்து கசிந்து வரும் சத்துதான் அவற்றுக்கு உணவு. அதனால் ஸ்கேனில் 'டிஸ்க் தேய்மானம்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து இருபது வயதுக்காரர்கள் பதற வேண்டியதில்லை. எந்த வலியும் இல்லாத இருபது வயதினரிலேயே மூன்றில் ஒருவருக்கு அப்படித் தெரியும்.

வீட்டில் பத்து முதல் பதினைந்து வயதுக்குள் பிள்ளை இருந்தால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்யுங்கள். பெண் பிள்ளையானால் அம்மா பார்க்கட்டும். முதுகு தெரியும்படி நிற்க வைத்து, முழங்கால் மடங்காமல், இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்தபடி முன்னால் குனியச் சொல்லுங்கள். பின்னாலிருந்து பாருங்கள். விலாவோ இடுப்போ ஒரு பக்கம் மேடாகத் தெரிந்தால், அந்த வாரமே எலும்பு மருத்துவரிடம் காட்டி, நின்றபடி ஓர் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.